அப்பாவைக் கூட்டிட்டு வா

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கரும்பலகை பச்சையானது. சில வகுப்புகளில் திரையும் ஆனது. பிரம்பைச் சட்டம் விலக்கியது. சீருடையின் நிறம் பல முறை மாறியது. ஒரு வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது: "நாளைக்கு உங்கப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாசுக்குள்ள விடுவேன்." வீட்டுப்பாடம் எழுதாதவன், சண்டை போட்டவன், மட்டம் போட்டவன், முடியை ஒருபக்கம் மழித்துக்கொண்டு வந்தவன் என எல்லோருக்கும் இதே தீர்ப்பு. இதிலிருந்து தப்புவதற்காக டீக்கடை வாசலில் நின்றவரைச் சித்தப்பா ஆக்கிக் கூட்டிப்போன கதைகளும், ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுப் பழகிய கதைகளும் ஊருக்கு நூறு உண்டு. பிள்ளை தப்பு செய்யும்போதுதான் பள்ளிக்கு வீட்டின் நினைவு வருகிறது என்பதைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் புரிந்துகொண்டுவிடுகிறார்கள்.

அழைக்கப்பட்ட அப்பா வருகிறார். பெரும்பாலும் அம்மாதான் வருகிறார். கட்டட வேலைக்குப் போகிறவர் என்றால் அன்றைய கூலி போயிற்று. பனியன் கம்பெனி என்றால் அரை ஷிப்ட் போயிற்று. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்து நிற்கிறார். உள்ளே போனதும் அவர் என்ன சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க சார். எப்படியாவது படிக்க வச்சிருங்க." ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவர் படியிறங்கிய பிறகு ஆசிரியர்கள் அறையில் ஒலிப்பதும் பழகிய வாக்கியம்தான்: "இந்த ஏரியா பேரன்ட்ஸுக்கு அக்கறையே கிடையாது சார்."

இரண்டு வாக்கியங்களும் ஒரே கூரையின் கீழ்தான் சொல்லப்படுகின்றன. முதலாவதைச் சொன்னவர் தன் பிள்ளையை முழுதாக ஒப்படைக்கிறார். படிப்பு என்பது வாத்தியாருக்குத் தெரிந்த விஷயம், அதில் தான் தலையிடுவது மரியாதைக் குறைவு என்பது அவருடைய எண்ணம். இரண்டாவதைச் சொன்னவருக்கு அந்த மரியாதை அலட்சியமாகத் தெரிகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லாரோ 1989இல் வெளியிட்ட 'ஹோம் அட்வான்டேஜ்' நூலில் இதே முடிச்சைத்தான் அவிழ்த்துப் பார்த்தார். கலிஃபோர்னியாவில் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியையும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த இன்னொரு பள்ளியையும் அவர் அருகிருந்து கவனித்தார். இரண்டு இடத்துப் பெற்றோரும் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்றே விரும்பினார்கள். வசதியான பெற்றோர் ஆசிரியரைத் தமக்குச் சமமானவராக, சில சமயம் தமக்குக் கீழானவராகக்கூட நடத்தினார்கள். வகுப்புக்குள் வந்து கேள்வி கேட்டார்கள். உழைக்கும் பெற்றோர் படிப்பை ஆசிரியரிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பள்ளிக்கு முதல் வகை அக்கறையாகவும் இரண்டாவது வகை அக்கறையின்மையாகவும் தெரிந்தது.

வீட்டையும் பள்ளியையும் இணைக்க நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பெயரளவில் கிடந்த இந்தக் குழுக்கள் 2022இல் மாநிலம் முழுக்கத் திருத்தி அமைக்கப்பட்டன. அப்போது இருபது பேர் கொண்ட குழுவில் பதினைந்து பேர் பெற்றோராக இருந்தார்கள். தலைவராகப் பெரும்பாலும் ஒரு தாய். இந்தக் கூட்டங்களில் கழிப்பறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், பேருந்து நேரம் ஆகியவை பேசப்படுகின்றன. தீர்மானங்கள் மேலே போய் சில நிறைவேறவும் செய்கின்றன. அதுவரை பள்ளிக்குள் வாய் திறக்காத ஒரு பெண் மாவட்ட அதிகாரியிடம் கழிப்பறையைப் பற்றி எழுந்து நின்று கேட்பது சிறிய விஷயமில்லை.

ஆனால் அதே பெண் தன் மகள் மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேசுவதில்லை. கதவைப் பற்றிப் பேச அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றுகிறது. வாசிப்பைப் பற்றிப் பேசத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. சட்டமும் அவளுக்கு இதில் உதவவில்லை. ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடும் 24ஆம் பிரிவு, பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிப்பவர் ஆசிரியர், கேட்டுக்கொள்பவர் பெற்றோர். பெற்றோர் எதையாவது சொல்ல, ஆசிரியர் கேட்டுக்கொள்ளும் கூட்டம் சட்டத்தின் கற்பனைக்குள் வரவில்லை.

குழு அமைத்துவிட்டால் பங்கேற்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையை உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறது. அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 280 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. அங்கே கிராமக் கல்விக் குழுக்கள் காகிதத்தில் இருந்தன. அப்படி ஒரு குழு ஊரில் இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், குழுவின் உறுப்பினர்களிலேயே கணிசமானோருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பது தெரியாது. பிரதம் தொண்டு நிறுவனத்தினர் ஊர்க் கூட்டம் போட்டுக் குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள். பிள்ளைகளைச் சோதித்து, யாருக்கு எவ்வளவு வாசிக்க வருகிறது என்று ஊராரே பட்டியல் போடவும் கற்றுத்தந்தார்கள். இவற்றால் ஆசிரியரின் வருகையிலோ பிள்ளைகளின் படிப்பிலோ எந்த மாற்றமும் வரவில்லை. மாற்றம் வந்தது வேறு கிராமங்களில். அங்கே ஊர் இளைஞர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் எளிய முறை ஒன்று சொல்லித்தரப்பட்டது. அவர்கள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வகுப்பெடுத்தார்கள். அதிகாரத்தைத் தந்தபோது அசையாத ஊர், செய்ய ஒரு வேலையைத் தந்தபோது அசைந்தது.

இதைப் பதினோரு ஆண்டு கழித்துத் தமிழ்நாடு பெரிய அளவில் செய்துபார்த்தது. கொரோனாவால் ஒன்றரை ஆண்டு பூட்டிக்கிடந்த பள்ளிகள் திறக்கத் தொடங்கிய நேரத்தில், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வீட்டு முற்றத்திலும் மாலை நேர வகுப்புகள் நடந்தன. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி பூட்டியிருந்த காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் ஆறே மாதத்தில் மீட்டுவிட்டார்கள் என்பதும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாலை வகுப்புகளால் வந்தது என்பதும் அவர்கள் கண்டவை.

எண்ணுக்குள் வராத ஒன்றையும் அந்த மாலை வகுப்புகள் செய்தன. "அக்கா" என்று பிள்ளைகள் கூப்பிட்ட தன்னார்வலர் அதே தெருக்காரி. பிள்ளை ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்பது கேட்காமலே அவளுக்குத் தெரியும். அம்மா குழாயடியில் நிற்கும்போது, "உம் பொண்ணு வாய்ப்பாடு சொல்றா, கழித்தல்ல கடன் வாங்குறதுதான் தடுமாறுது" என்று சொல்ல முடிந்தது. அந்த அம்மா அதற்காகச் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் இப்படி ஒருத்தி இருந்தால் என்ன நடக்கும் என்பதை மாநிலம் பார்த்துவிட்டது. ஆசிரியரும் இப்படிப் பேச முடியுமா, அதற்கு அவருக்கு என்ன வேண்டும் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

தமிழ்நாட்டில் ஊர் பள்ளியோடு சேர்ந்து நின்ற வரலாறு நீண்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியபோது அரிசியும் காய்கறியும் விறகும் ஊரார் கொடுத்தவையாகவும் இருந்தன. 1958 முதல் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் பெஞ்சு, கடிகாரம், சுவர்ப்படம் தந்தார்கள். நிலமும் கட்டடமும்கூடத் தந்தார்கள். அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளை இன்றைய கல்விச் சீர். மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் நோட்டும் பென்சிலும் அடுக்கி, பீரோவும் மின்விசிறியும் நாற்காலியும் தூக்கிக்கொண்டு, தாய்மாமன் வீட்டுச் சீர்போல ஊர்வலமாக ஊரார் அரசுப் பள்ளிக்குப் போகும் காட்சியைக் கடந்த சில ஆண்டுகளில் பல மாவட்டங்கள் பார்த்துவிட்டன. அதற்குப் பக்கத்திலேயே பெற்றோர் ஆசிரியர் கழகமும் இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் அதை அறிந்தது நன்கொடை ரசீது மூலமாகவும், காலிப் பணியிடத்தில் தொகுப்பூதியத்துக்கு வந்து பாடமெடுத்த 'பி.டி.ஏ. டீச்சர்' மூலமாகவும்.

இந்த வரலாற்றில் ஊருக்கு ஒரு வேடம் உறுதியாகக் கிடைத்திருக்கிறது. அது கொடையாளி வேடம். பொருள் கொடுக்கலாம், உழைப்பு கொடுக்கலாம், நிலம் கொடுக்கலாம். தனக்குத் தெரிந்ததை வகுப்புக்குள் கொடுக்கலாம் என்று யாரும் அதனிடம் சொன்னதில்லை.

அப்படிச் சொன்ன இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரம், மெக்சிகோ எல்லைக்கு அருகில் இருப்பது. அங்கே மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றிப் பள்ளிகளில் ஓர் எண்ணம் நிலைத்திருந்தது: வீட்டில் புத்தகம் இல்லை, ஆங்கிலம் இல்லை, ஆகவே பிள்ளை வெறுங்கையோடு வகுப்புக்கு வருகிறது. 1980களின் பிற்பகுதியில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் மோல், மானுடவியலாளர் நார்மா கொன்சாலஸ் முதலியோர் இந்த எண்ணத்தைச் சோதிக்க வகுப்பாசிரியர்களையே ஆய்வாளர்களாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். புகார் சொல்லவோ அறிவுரை வழங்கவோ அங்கே இடமில்லை. கேள்வி கேட்டு, கவனித்து, எழுதிக்கொண்டு வர வேண்டும். குடும்பத்தின் இடப்பெயர்ச்சி, செய்த வேலைகள், அன்றாடம், யாரிடம் என்ன உதவி வாங்குகிறார்கள், பிள்ளை வீட்டில் என்ன பொறுப்பு ஏற்கிறது என்பவையெல்லாம் கேள்விகள். ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு மூன்று வீடுகள், ஒரு வீட்டுக்குப் பல சந்திப்புகள். திரும்பி வந்ததும் எல்லோரும் கூடி, கண்டதை அலசுவார்கள்.

கண்டது அவர்களைத் திகைக்கவைத்தது. விதை, மண், கால்நடை, கட்டுமானம், இயந்திரப் பழுது, மூலிகை, சில்லறை வணிகம், எல்லை தாண்டிய பண்டமாற்று என்று வீடுகள் நிறைய அறிந்திருந்தன. கேத்தி அமான்டி என்ற ஆசிரியை தன் மாணவன் ஒருவன் மெக்சிகோவிலிருந்து வரும் மிட்டாய்களை அக்கம்பக்கத்தில் விற்பதைக் கண்டார். மிட்டாயையே பாடமாக்கினார். யாருக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகள் கணக்கெடுத்து வரைபடம் போட்டார்கள். இரண்டு நாட்டு மிட்டாய்களின் உறைகளைப் படித்து உட்பொருட்களை ஒப்பிட்டார்கள். ஒரு மாணவரின் தாய் வகுப்புக்கு வந்து, பூசணி விதையில் செய்யும், நம் கடலைமிட்டாய்க்கு உறவான ஓர் இனிப்பைச் செய்துகாட்டினார். அன்றைக்கு வகுப்பில் பாடம் நடத்தியவர் அவர்தான், ஆசிரியை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். 1992இல் மோல், அமான்டி முதலியோர் சேர்ந்து எழுதிய கட்டுரை வழியாக இந்த முயற்சி உலகெங்கும் ஆசிரியர் கல்வியின் பாடமானது.

கோவில்பட்டிக்கோ கரூருக்கோ இதை அப்படியே பெயர்த்துவந்துவிடலாம் என்று தோன்றும். வெல்லப்பாகின் பதம், எடை, விகிதம், விலை என்று கடலைமிட்டாயில் இல்லாத கணக்கா? ஆனால் தமிழ்நாட்டில் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. 1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கக் கல்வியில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இடமின்மை, ஆசிரியர் பற்றாக்குறை, செலவு என்று அதற்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்கு வைத்த பெயர்தான் ஊரில் நிலைத்தது: குலக்கல்வி. எதிர்ப்பு காங்கிரசுக்குள்ளும் மூண்டது. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சி மே மாதமே திட்டத்தைக் கைவிட்டது. தமிழகத்தின் அரசியலையே திருப்பிவிட்ட அந்தச் சண்டை, அடிப்படையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் என்ன உறவு என்ற கேள்வியைப் பற்றியது. பிள்ளை வீட்டின் தொழிலிலிருந்து வெளியேறுவதற்கான கதவு பள்ளி என்று அப்போது மக்கள் தீர்ப்பளித்தார்கள்.

அந்தத் தீர்ப்பு சரியானது. அதன் நினைவு இன்னும் உடம்பில் இருக்கிறது. "உங்கப்பா என்ன வேலை பாக்குறாரு?" என்று ஆசிரியர் வகுப்பில் எழுப்பிக் கேட்கும்போது தலை குனியும் பிள்ளைகள் இன்றும் உண்டு. டூசானில் அந்தக் கேள்வி தொழிலைப் பற்றியது. இங்கே பல சமயம் அது சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்பது. துப்புரவுப் பணியாளரின் மகளும் சவரக்கடை வைத்திருப்பவரின் மகனும் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லப் பழகுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வைத்துச் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு தந்த அறிக்கை கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் வருகைப் பதிவேடு வரை பேசியது. ஆசிரியர்கள் மாணவரின் சாதியை வெளிப்படுத்தும் விதமாக நடந்துகொள்ளக் கூடாது என்றும் வலியுறுத்தியது. வீடு தேடிப் போகும் ஆசிரியர் எந்தத் தெருவுக்குள் நுழைகிறார், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், யார் வீட்டு வாசலோடு திரும்புகிறார் என்பதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். தண்ணீரை மறுத்துவிட்டு வரும் ஆசிரியர், போகாமலே இருந்திருக்கலாம்.

ஆகவே இங்கே ஆசிரியருக்கு வேண்டிய பயிற்சி, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பிறப்போடு வந்த தொழிலைக் கேட்காமலே வீடு அறிந்திருப்பதைக் கேட்க முடியும். மகளிர் சுயஉதவிக் குழுக்களை எடுத்துக்கொள்ளலாம். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய குழுக்கள் இவை. இன்று அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரில் ஏராளமானோர் ஏதோ ஒரு குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் வரவுசெலவு பார்க்கிறார்கள், தீர்மானப் புத்தகம் எழுதுகிறார்கள், வங்கி மேலாளரிடம் வாதாடுகிறார்கள். "எனக்கு என்னங்க சார் தெரியும், எட்டாவதோட நின்னுட்டேன்" என்று சொல்லும் பெண்தான், ஒருவர் "ரெண்டு வட்டி" என்றதும் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு இருபத்துநான்கு சதவீதம் என்பதை மனக்கணக்காகவே அறிந்து, குழுக் கடனோடு ஒப்பிட்டு, வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்.

அவருடைய மகள் ஏழாம் வகுப்பில் தனிவட்டி படிக்கிறாள். அசல், காலம், வட்டி வீதம் என்று மூன்றையும் பெருக்கி நூறால் வகுக்கும் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறாள். வட்டி என்றால் என்ன வலி என்பதை அறிந்த ஒருவர் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பது பாடப்புத்தகத்துக்குத் தெரியாது. ஆசிரியர் அந்த அம்மாவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, கந்துவட்டிக்கும் வங்கிக் கடனுக்கும் குழுக் கடனுக்கும் என்ன வேறுபாடு என்று பிள்ளைகளிடம் பேசச் சொன்னால் அரைமணி நேரம்கூட ஆகாது. எந்தச் சாதிக்கும் உரிய அறிவு இல்லை அது. மருத்துவமனையில் சீட்டு வாங்கி, மருத்துவரிடம் பேசி, மாத்திரை வேளையைக் குறித்துவைக்கும் பாட்டிக்குத் தெரிந்ததும் அப்படிப்பட்டதே. திருப்பூருக்கு வேலை தேடிப் போய், மொழி தெரியாத ஒடிசாக்காரரோடு சேர்ந்து வாடகைக்கு வீடு பிடித்த அப்பாவுக்குத் தெரிந்ததும்கூட.

இப்படி ஒருமுறை அழைக்கப்பட்டவர் அடுத்த முறை தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கும் விதமே வேறாக இருக்கும். ஹார்வர்டு கல்வியாளர் சாரா லாரன்ஸ்-லைட்ஃபுட் 2003இல் எழுதிய 'தி எசென்ஷியல் கான்வர்சேஷன்' நூல் முழுக்க ஆசிரியர்-பெற்றோர் சந்திப்பைப் பற்றியது. அந்த மேசைக்கு இருபுறமும் உட்காருகிறவர்கள் தங்கள் சொந்தப் பள்ளிக்கால நினைவுகளையும் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்பது அவருடைய முக்கியமான கவனிப்பு. வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட தாய், மாதிரித் தேர்வுத் தாளை எல்லோர் முன்னாலும் முகத்தில் விட்டெறியப் பெற்ற தகப்பன் — இவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் வாசனையே போதும், நாக்கு ஒட்டிக்கொள்ள. எதிரே இருக்கும் ஆசிரியருக்கும் பயம் உண்டு. பெற்றோர் தன்னைக் குறை சொல்வார்களோ, செல்போனில் படம் எடுத்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். இரண்டு பயங்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கு ஆசிரியப் பட்டயப் பயிற்சியிலோ பி.எட். படிப்பிலோ யாரும் ஒத்திகை தருவதில்லை. பாடம் நடத்திக்காட்டும் பயிற்சிக்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குகிறார்கள். ஒரு தாயோடு பத்து நிமிடம் பேசிக்காட்டும் பயிற்சியை எங்கும் காணோம்.

பேச்சு பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. பாஸ்டன் நகரப் பள்ளி ஒன்றின் கோடை வகுப்பில் ஆசிரியர்கள் தினமும் மாணவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியும் வந்தார்கள். 2013இல் இந்தச் சோதனையின் முடிவை வெளியிட்ட மாத்யூ கிராஃப்ட், ஷான் டோஹர்ட்டி இருவரும், வீட்டுப்பாடம் முடித்துவரும் வாய்ப்பு 40 சதவீதம் கூடியதையும், கவனம் சிதறும் மாணவரை ஆசிரியர் திருப்ப வேண்டியிருந்த தருணங்கள் 25 சதவீதம் குறைந்ததையும் கண்டார்கள். பாரிசை ஒட்டிய கிரெத்தெய் கல்வி வட்டாரத்தில், குடியேறிகளும் ஏழைகளும் மிகுந்த புறநகர்ப் பள்ளிகளில், 2008-09 கல்வியாண்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மூன்றே மூன்று கூட்டங்கள் நடத்தினார்கள். பள்ளி எப்படி இயங்குகிறது, பிள்ளைக்கு வீட்டில் எப்படித் துணை நிற்கலாம் என்பவைதான் பேச்சு. ஆண்டு முடிவில் மட்டம் போடுவது குறைந்தது; நடத்தை சீரானது. கூட்டத்துக்கே வராத பெற்றோரின் பிள்ளைகளிடமும், அதே வகுப்பில் இருந்ததாலேயே, மாற்றம் தெரிந்தது.

தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வுக்குச் செய்யும் துரோகம். பீகாரின் பூர்ணியாவிலும் ராஜஸ்தானின் அஜ்மீரிலும் தாய்மாருக்கு எழுத்தறிவு வகுப்பும், பிள்ளையோடு சேர்ந்து செய்யும் பயிற்சித் தாள்களும் தந்து பார்த்த பிரதம் சோதனையில், பிள்ளைகளின் கணக்குத் திறன் உயர்ந்தது, ஆனால் சிறிதளவே. வீட்டோடு பேசினால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் எகிறும் என்று யாராவது விற்பனை செய்தால், முதல் ரிசல்ட்டிலேயே அந்தச் சரக்கு செல்லாக்காசாகிவிடும். தமிழ்நாட்டில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இங்கே பள்ளிக்குள் நுழையும் எதுவும் சதவீதத்தில் தன்னை நிரூபித்தாக வேண்டும்.

நேரமும் காசு. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். பாடத்துக்கு நடுவே கல்வித் துறையின் எமிஸ் தரவுத் தளத்தில் வருகை, சீருடை அளவு, ஆதார் எண், வங்கிக் கணக்கு என்று தரவு ஏற்றுகிறார்கள். பெற்றோர் எண் என்று பதிவேட்டில் இருப்பதை அழைத்தால் அது மாமாவின் எண்ணாகவோ, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண்ணாகவோ இருக்கிறது. இந்த நிலையில் உள்ளவரிடம் வீடு வீடாகப் போ என்று சுற்றறிக்கை அனுப்புவது நியாயமில்லை. டூசானில் ஆசிரியர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகு செய்த வேலைக்குத் திட்டத்திலிருந்து ஊதியம் தரப்பட்டது. எல்லா வீட்டுக்கும் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வகுப்புக்கு இரண்டு மூன்று வீடு என்பது நம் ஆசிரியருக்கும் முடிகிற காரியம். கண்டதைக் கூடிப் பேச ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே காணொளியை ஓடவிட்டு வருகைக் கையெழுத்து வாங்கும் நேரத்தில் ஒரு பகுதியை, "உங்கள் மாணவர் வீட்டில் நீங்கள் புதிதாக என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்ற ஒரே கேள்விக்கு ஒதுக்கலாம். மாதந்தோறும் நடக்கும் மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் கழிப்பறைக் கதவுக்குப் பிறகு ஒரு பொருளைச் சேர்க்கலாம்: இந்த மாதம் வகுப்புக்கு வந்து பேசப்போகும் பெற்றோர் யார்?

இவற்றைச் சில ஆசிரியர்கள் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். நல்லது ஒன்று நடந்த அன்று வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, பயப்படாதீங்க, புகார் இல்ல. இன்னைக்கு உங்க பையன் நல்லா வாசிச்சான்" என்று சொல்லிவிட்டு வைப்பவர்கள் உண்டு. மறுமுனையில் நம்பாமல், "எந்தப் பையன் சார்? எம் பையனா?" என்று கேட்பதும் உண்டு. கல்வித் துறை இதைக் கண்டுபிடித்துப் பாராட்டும் நாளை நினைத்துத்தான் அந்த ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அடுத்த வாரமே எமிஸில் புதிதாக ஒரு கட்டம் முளைக்கும். பெற்றோருக்குப் பாராட்டு அழைப்பு செய்யப்பட்டதா, ஆம் அல்லது இல்லை. மாலை நான்கு மணிக்குள் நூறு சதவீதம் முடிக்க வேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வரும். எல்லாப் பள்ளிகளும் ஆம் என்று குறித்து அனுப்பும்.